கண்ணாடிக் கோலில் ஒரு முடிச்சு

1938, ஆகஸ்ட் 6. காலை ஏழு பத்து.

"ஐயோ... துரை!"

சமையல்காரியின் அலறல் அருவிச் சத்தத்தையும் தாண்டியது.

குற்றாலம் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை மல்லாந்து கிடந்தார். தொண்டையில் ஒரு சாண் நீலக் கண்ணாடி! முறுக்கிய கோல். கோலின் நுனியில் சின்னப் பறவை. கை வழுக்காமலிருக்கப் பருத்தி நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

பறவைக்குக் கீழே ஒட்டிய சீட்டு: 'ரோமாபுரிப் பெண்கள் நூல் நூற்ற கோல்.'

இன்ஸ்பெக்டர் வல்லிநாயகத்துக்கு அந்தக் கையெழுத்து தெரியும். மகள் ஆவுடைத்தாயுடையது. துரையின் பழம்பொருள்களுக்குச் சீட்டு எழுத அவளை அனுப்பியதே அவர்தான். துரை ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பதவி உயரும்.

காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "இனி அங்கன போகமாட்டேம்ப்பா" என்றாள். அவர் ஏனென்று கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம் யாருவே வந்தது?"

"துண்டு விக்குத முகம்மது கனி. தென்காசி தறிக்காரன்," என்றார் ஏட்டு மாடக்கண்ணு. "நூலு சுத்தியிருக்குல்லா? நூல்காரந்தான்யா!"

இரவு பத்து மணி. தென்காசி ஸ்டேஷன். கனி விலங்கோடு நின்றார்.

"ஏம்லே கொன்ன?"

"துண்டு வாங்கலைன்னு கொல்லுததா இருந்தா எசமான், குத்தாலத்துல ஒருத்தரும் மிஞ்சமாட்டாக."

ஏட்டு சிரித்துவிட்டார்.

வல்லிநாயகம் சிரிக்கவில்லை. "தூக்குதாம்லே ஒனக்கு."

"அந்த நூலக் காட்டுங்க எசமான்."

காட்டினார். கனி குனிந்தார்.

"மூணு சுத்து... குண்டு முடிச்சு. இழை போற தறி அச்சு இடுக்குல இது நுழையாது. இழை அறுந்துரும். நாங்க போடுதது கண்ணுக்கே தெரியாது. முப்பது வருசமா என் கை வேற முடிச்சு போட்டதில்ல."

"வேணும்னே மாத்திப் போட்டிருப்ப!"

"அம்புட்டு யோசிச்சவன் நூலையே விட்டுட்டுப் போவானா?"



வல்லிநாயகம் மேஜையில் கையூன்றி முன்னால் சாய்ந்தார். மேல்சட்டை விளக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

"ஏட்டு... குத்தத்த ஒத்துக்கிட்டான்னு எழுதும்."

"எசமான், மூணு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்..."

"எழுதும்வே!"

ஏட்டு பேனாவை மையில் தொட்டு எடுத்தார்.

கனியின் பார்வை இன்ஸ்பெக்டரின் மார்பில் நின்றது. இரண்டாவது பொத்தானில்.

"எழுதுங்க ஏட்டையா. அப்படியே எசமான் பொத்தானையும் எழுதிக்கிடுங்க. அதுலயும் அதே மூணு சுத்து, குண்டு முடிச்சு... வீட்டுல யாரு எசமான் தைக்கா?"