வானம் ஏறிய குதிரை

காக்ஸ் டவுனில் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் பிரிஜெட். 2003ஆம் வருடம், ஆயுத பூஜை முடிந்த ஐந்தாம் நாள் காலை, கேம் கம்பெனி முதலாளி சந்தானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னறைக்குள் நுழைந்தார்.

"மேடம், என் ஆபீஸ்ல ஒருத்தன் நாச வேலை பண்றான். நாலு மணிக்கு வெளிநாட்டுக்காரங்க கேமைப் பாக்க வர்றாங்க. குதிரை தரையில ஓட மாட்டேங்குது, மூக்கைத் தூக்கிக்கிட்டு வானத்துக்கு ஓடுது!"

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் இன்னா, நிச்சயமே! நாகேஷ். போன வாரம் வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கான். வேலையை விட்டுத் தூக்கற லெட்டர் ரெடி. நாச வேலைன்னே எழுதிட்டேன்."

அப்படி ஒரு கடிதத்தோடு வெளியே போகிறவனை இந்த ஊரில் எந்த கேம் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. பிரிஜெட் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய உதவியாளன், ஜோகுபாளையத்து எத்திராஜ், அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தான். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவது அவன் வழக்கம். இதுவரை ஒருமுறைகூடச் சரியான ஆளைப் பிடித்ததில்லை.

ஆபீஸ் பளிச்சென்று இருந்தது. கனமான மானிட்டர்களில், அந்த இடத்தில் உட்காருபவர் பெயர் ஒட்டியிருந்தது. மேசைக்கடியில் சிபியு பெட்டிகள், பெயரோ நம்பரோ இல்லாமல், ஒன்றுபோல் ஒன்று.

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஃபைலெல்லாம் சர்வர்ல. திரையில சாமி படம்கூட வெக்க விடமாட்டேன். டிசிப்ளின்!" என்றார் சந்தானம் பெருமையாக.

குதிரைக்காரி பார்கவி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். மாடலிங் மென்பொருளில் அவளுடைய குதிரை அழகாகப் பாய்ந்தது. அதே குதிரையை எக்ஸ்போர்ட் செய்து, கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினில் போட்டால் செங்குத்தாக வானம் ஏறியது.

"நான் எதையுமே மாத்தல மேடம். பூஜைக்கு முன்னாடி நல்லா ஓடிச்சு," என்றாள்.

நாகேஷ் மூலையில் வேலை செய்துகொண்டிருந்தான். வேறொரு கம்பெனிக்காக இங்கே தயாராகும் கேமுக்கு யானைகள் செய்வது அவன் பொறுப்பு. வாரக் கடைசியில்தான் அவற்றை மொத்தமாக எஞ்சினில் போட்டுப் பார்ப்பார்கள்.

சந்தானம் சர்வர் பட்டியலைக் காட்டினார். "பாருங்க, கெட்டுப்போன குதிரை எல்லாம் ஏழாம் நம்பர் மெஷின்லேர்ந்து வந்திருக்கு. ஏழு நாகேஷோடது. பார்கவியோடது மூணு. அவ செஞ்சதை இவன் அழிச்சு எழுதறான்."

"கேஸ் முடிஞ்சது மேடம்!" என்றான் எத்திராஜ்.

பிரிஜெட் பட்டியலை மெதுவாகப் படித்தாள். பிறகு குனிந்து, பார்கவியின் பெட்டியின் பின்பக்க ஓட்டையிலிருந்து ஒரு பொரியை நகத்தால் எடுத்தாள். மானிட்டரின் பின்னாலும் பார்த்தாள். அங்கே பொரி இல்லை.

"பெட்டிகளை எடுத்துட்டுப் போய்ப் பூஜை பண்ணீங்களா?"

"ஆமா, ஹால்ல சாமி படத்துக்கு முன்னாடி வரிசையா வெச்சேன். மானிட்டரை யார் தூக்கறது? அது மேசையிலயே இருந்துச்சு," என்றார் சந்தானம்.

"திரும்ப மாட்டினது யாரு?"

"நானேதான். மறுநாள் காலையில தனியா வந்து, ராகு காலத்துக்கு முன்னாடி கடகடன்னு..." சந்தானத்தின் குரல் இறங்கியது.

பிரிஜெட் எல்லாரையும் அழைத்து நிறுத்தினாள்.

"நாலு நாளா மூணாம் நம்பர்லேர்ந்து ஒரு குதிரைகூட சர்வருக்கு வரல. பார்கவி செஞ்சதை நாகேஷ் அழிச்சு எழுதியிருந்தா, முதல்ல பார்கவி அனுப்பினது பட்டியல்ல இருக்கணுமே? இல்ல. அப்போ பார்கவி வேலை செய்யறதே ஏழாம் நம்பர் பெட்டியில. எக்ஸ்போர்ட் பண்ணும்போது, உயரம் எந்தத் திசைன்னு ஒரு டிக் இருக்கு. கடைசியா போட்ட டிக்கைப் பெட்டி அப்படியே ஞாபகம் வெச்சுக்கும், யாரும் தினம் திறந்து பாக்கறதில்ல. நாகேஷோட எஞ்சினுக்கு உயரம் ஒரு திசை, பார்கவியோடதுக்கு வேற திசை. பெட்டி இடம் மாறிச்சு, குதிரை வானம் ஏறிச்சு."

"இதெல்லாம் ஊகம்தானே?" என்றார் சந்தானம்.

"சோதிச்சிடலாம். குதிரை மேல போனா, நாகேஷோட யானை கீழ போகணும். இந்த வாரத்து யானையை அவங்க எஞ்சின்ல போடுங்க."

போட்டார்கள். யானை தும்பிக்கையை மண்ணில் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டியபடி கம்பீரமாக நடந்தது. பார்கவி அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ள எவனுக்கும் பைத்தியமில்லை.

பெட்டிகளை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. பார்கவி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாள். குதிரை புழுதி பறக்கத் தரையில் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்தது.

"அப்போ குற்றவாளி யாரு மேடம்?" என்றான் எத்திராஜ், சந்தானத்தைப் பார்க்காமல்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? சந்தானம் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"தப்பு என்னுது நாகேஷ். மன்னிச்சிடுப்பா. அந்த இன்டர்வியூ விஷயத்துல எனக்குக் கோவம்..."

"அந்த வேலை கெடச்சுது சார். வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேன்," என்றான் நாகேஷ். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கலியே."

சந்தானம் ஒரு நாற்காலியை இழுத்து நாகேஷுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்போ கேக்கறேன். ஏன் வேணாம்னு சொன்னே?"