பதினைந்து வரை பாதகமில்லை

எவர்சில்வர் தட்டு கைதவறித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. தொட்டிலில் கிடந்த ஆறு மாதப் பிள்ளைக்குத் தூக்கம் கலையவில்லை.

"பாத்தியாக்கா? இடியே விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்." தங்கை பெருமையோடு தட்டை எடுத்தாள். "இவன் பொறந்ததுலேருந்து நான் ஒருநாள்கூட ராத்திரி கண்முழிச்சதில்ல."

அக்காவின் நெஞ்சில் பழைய முள் நெருடியது. குடுத்துவைத்தவள். கல்யாணமும் தானாய் வந்தது, பிள்ளையும் தானாய் வந்தது. இவளுக்கோ பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். இவளுக்கென்று இருந்தது வேலை ஒன்றுதான். குடிதண்ணீரில் எந்த நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு போடுகிற வேலை.

அதிலும் பங்குக்கு வந்தாள் ஒருத்தி, அப்போது புதிதாய்ச் சேர்ந்த கண்ணாடிக்காரி. ஆலைக்கழிவிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஓர் உப்பு, தைராய்டுக்குப் போகவேண்டிய அயோடினை வழிமறிக்கிறது. லிட்டருக்குப் பதினைந்து மைக்ரோகிராம் வரை பாதகமில்லை என்பது இவள் கணக்கு.

"நாம தாங்கிக்குவோம் மேடம், வயித்துல இருக்கற பிள்ளை தாங்காது. ரெண்டுக்கு மேல கூடாது," என்றாள் கண்ணாடிக்காரி. கூட்டமே அவள் வாயைப் பார்த்தது. குழுத் தலைவர்கூடத் தலையாட்டினார். இவளுக்குப் பற்றி எரிந்தது. அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று உள்ளே முனகிய குரலின் கழுத்தைத் திருகிவிட்டு, அவளுடைய ஆய்வை வரிவரியாய்க் கிழித்துப் போட்டாள். பதினைந்தே நின்றது.

அது ஆகி இரண்டு வருடம். தங்கை இந்த ஆலை ஊருக்குக் குடிவந்தது அதற்குப் பிறகுதான்.

"தூக்கேன்க்கா."

தூக்கினாள். பால்வாசனையும் பவுடர்வாசனையும் கலந்து மூக்கிலேற, சாயங்காலப் புழுக்கத்தில் இவளுக்கு முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருக்க, பிள்ளையின் பாதங்கள் மட்டும் சில்லென்றிருந்தன. ஈரத்துணி மூட்டைபோலக் கையில் தொய்ந்தது. தோல் சொரசொரத்தது. தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம், துருப்பிடித்த கீல்போல.

உதட்டுக்கு வெளியே நாக்கு. தடித்த நாக்கு.

"பொறந்தப்போ குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கான்."

முதல் சில வாரத்துக்குள் கண்டுபிடித்துத் தைராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் மூளை பிழைத்திருக்கும். இப்போது ஆறு மாதம். ஆறு மாதம்.

"ஏன்க்கா இப்படிப் பாக்கற? பொறாமையா?" தங்கை சிரித்தாள்.

வாசலில் காலடிச் சத்தம். ஒன்று. இரண்டு. நிறைய.

"தெருக்காரங்கதான். நம்ம தண்ணிய நல்ல தண்ணின்னு சொன்னதே எங்கக்காதான்னு சொல்லிவெச்சேன். உன்னப் பாக்கணுமாம்."

ஏழு பெண்கள். ஏழு இடுப்பிலும் பிள்ளை.

"எங்க தெருப் பிள்ளைங்களுக்கு அழுகைன்னா என்னன்னே தெரியாதுங்க," என்றாள் முன்னால் வந்தவள். "பெத்தா இப்படிப் பெக்கணும்னு அடுத்த தெருக்காரிங்க வயிறெரியறாங்க."

பாயை விரித்தார்கள். ஒவ்வொன்றாய் அக்காவின் காலடியில் கிடத்தினார்கள்.

வீங்கிய இமைகள். மஞ்சள் பூத்த கன்னங்கள். ஒன்றுகூட உதைக்கவில்லை. சிணுங்கவில்லை.

"கொஞ்சுங்க மேடம்."

ஈ ஒன்று முதல் பிள்ளையின் உதட்டில் உட்கார்ந்தது. அங்கிருந்து அடுத்ததின் உதட்டுக்கு. அடுத்ததுக்கு. நிதானமாய். ஏழு பிள்ளைகளும் பாதி திறந்த கண்களால் இவளையே பார்த்துக்கொண்டு கிடந்தன.