அதற்கு முகம் பார்க்கத் தெரியாது

கடையில் நாள் முழுக்க ஓடிய லேப்டாப், அவள் வீட்டுக்குப் போனதும் அணைந்தது. அதனால் பழுதுபார்ப்பவன் பையோடு நேரில் வந்தான்.

பழைய வீடு. பகலிலேயே விளக்கு போட வேண்டிய அறை. மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். ஈரச் சுண்ணாம்பு நாறியது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் வெறும் சுவர்.

"ஃபேன் போடலாமா அக்கா?"

"வேண்டாம் தம்பி. டாக்டருங்க வாய்க்குள்ளயே பேசி அனுப்புவாங்க. ஃபேன் ஓடினா ஒரு எழவும் கேக்காது."

மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இன்று மாலைக்குள் பாக்கி வேலை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அலுவலகம் சொல்லிவிட்டது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கி மேசை ஓரம் தொங்கவிட்டுவிட்டு, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்தான். மெமரியை மாற்றினான். சார்ஜரை மாற்றினான். நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். ஓடியது.

அவள் உட்கார்ந்தாள். அணைந்தது.

"என்னைக் கண்டாலே அதுக்கு ஆகல. நீங்க உக்காந்தா மட்டும் வாத்தியார் வந்த வகுப்பு மாதிரி அடங்கிடுது."

"அணைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"எழுந்து போய்த் தண்ணி குடிப்பேன். எவ்வளவுதான் குடிக்கிறது?"

அணைவதற்கு முன் கடைசியாக என்ன ஓடியது என்று தேடினான். எல்லாத் தடவையும் கேமரா. லேப்டாப்பில் ஏற்றியிருந்த புதிய சிஸ்டம் எதிரே இருப்பவரின் முகத்தை அடிக்கடி சரிபார்க்கும். நிறுத்தினாலும் தானே மறுபடி தொடங்கியது.

கேமரா சோதனையைத் திறந்து, அவளை உட்காரச் சொன்னான். அவன் தள்ளி நின்றான். திரையில் அவள் முகத்தைச் சுற்றி மஞ்சள் சதுரம் ஒன்று விழுந்தது.

பிறகு இன்னொன்று.

அவள் இடது தோளுக்கு மேலே, சுவரில். சிறியது. உள்ளே எதுவும் இல்லை.

"அது என்ன தம்பி?"

சதுரம் பெரிதானது. முகம் தூரத்தில் இருந்தால் சதுரம் சிறியது. நெருங்கினால் பெரியது. அது அவனுக்குத் தெரியும்.

இன்னும் பெரிதானது.

அவளுடைய சதுரத்தைத் தொட்டது.

லேப்டாப் அணைந்தது.

அவள் சட்டென்று எழுந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சுவத்துல ஈரம்," என்றான் அவன். "கறையை முகம்னு நெனச்சுக்குது. இந்த மெஷினுக்குப் புதுசு ஒத்து வராது. பழைய சிஸ்டத்தைப் போட்டுடலாம். அதுக்கு முகம் பார்க்கத் தெரியாது. அணையாது."

அவள் சுவரைப் பார்த்தாள். கறை இல்லை.

"அது பார்க்காது, சரி," என்றாள் மெல்ல. "ஆனா..."

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்னீங்களே அக்கா."

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போடுங்க."

கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பழையதை ஏற்றினான். கேமராவை இயக்கும் மென்பொருளை மட்டும் போடவில்லை. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டத் தொடங்கினாள்.

அணையவில்லை.

ஒரு பக்கம் முடிந்தது. அடுத்தது. அவள் தோள்கள் தளர்ந்தன.

"இனிமே எழுந்திருக்கவே வேண்டாம் போல," என்றாள், திரும்பாமல்.

அவன் சிரித்தான். கருவிகளைப் பையில் போட்டு மூடினான். கதவருகே போய்ச் செருப்பை மாட்டினான்.

"தம்பி, இந்த டாக்டர் எவ்வளவு தெளிவா பேசறார் தெரியுமா? காதுகிட்ட உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு."

இடது காதை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். விரல்கள் நிற்கவில்லை.

லேப்டாப்பிலிருந்து எந்தக் குரலும் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

ஹெட்ஃபோன் ஒயர் மேசை ஓரத்தில், அவன் விட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.