இரண்டு ஜோடி, ஒரே அளவு

"என் கல்யாண மோதிரத்தை இவன்தான் எடுத்திருக்கான். விசாரிங்க."

தொலைந்த பொருள் அறையின் கதவை ஜான்திரா தள்ளிய வேகத்தில், மாட்டியிருந்த குடைகள் ஆடின. பின்னால் அவள் கணவன் வால்மிர் நொண்டியபடி வந்தான். பிரேசில்காரர்கள். ஜப்பானின் தொயோஹாஷி நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை, வேறு வேறு ஷிப்ட். இருவருக்கும் சேர்ந்து கிடைத்த ஒரு விடுமுறையில் அந்தக் கடலோரக் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள்.

மியாதா நாற்காலிகளைக் காட்டினார். இருபது வருடங்களாக அந்த அறை அவர் பொறுப்பில் இருந்தது. "மோதிரம் எங்கே இருந்தது?"

"ஷூ கயித்துல. விரல்ல தளர்ந்துபோச்சு, தண்ணி ராட்டினத்துல நழுவிடும்னு பயம். கயித்துல கோத்து, ஷூ நாக்குக்கு அடியில செருகி வெச்சேன். இப்போ பார்த்தா இல்லை."

"பையில வெக்கலாமே?" என்றான் காவலர் ஓக்கி.

"எங்க ஊர்ல பையைத்தான் முதல்ல பறிப்பாங்க."

"இங்க வந்து ஒன்பது வருஷமாச்சு. இன்னும் சாவ் பாவ்லோ பஸ்ல போற மாதிரியே இருக்கா" என்றான் வால்மிர்.

"நீ பேசாதே. என்கூட ஊருக்குத் திரும்பி வரலேன்னா மோதிரத்தைக் கழட்டி வெச்சிடுன்னு நேத்து சொன்னது யாரு?"

"கோபத்துல சொன்னேன். இன்னிக்குக் கழட்டினது யாரு?"

மோதிரம் கிடைக்காவிட்டால் நேற்றைய அந்த வார்த்தைதான் மிஞ்சும். அது இருவர் முகத்திலும் தெரிந்தது.

ஓக்கி மியாதாவின் காதருகே குனிந்தான். "புருஷன்தான். வேலி ஏறிக் கடல்ல வீசிட்டு வந்திருக்கான். நொண்டறான் பாருங்க."

மியாதா அதையே கேட்டார். "கால்ல என்ன?"

"பூங்கா ஊர்வலம் முடிஞ்சதுலேர்ந்து மேல்பாதம் குத்துது. புது ஷூ."

"எனக்கும் அதே ஷூதான். குத்தலையே" என்றாள் ஜான்திரா. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு எடுத்தோம். ஒரே அளவு. இவனுக்குப் பொம்பளைக் கால்."

"உனக்கு ஆம்பளைக் கால்."

மியாதா குனிந்து பார்த்தார். நான்கு வெள்ளைக் காலணிகள், பச்சைக் கோடு.

"ஊர்வலம் பார்க்க விரிப்பு போட்டு உட்கார்ந்தீங்களா?"

"ஆமா. ஷூவை உதறிட்டு ஏறினோம். காத்திருந்ததுல ரெண்டு பேரும் தூங்கிட்டோம். மேளம் கேட்டுத்தான் முழிச்சோம்."

"முழிச்சப்போ ஷூ எப்படி இருந்தது?"

ஜான்திரா யோசித்தாள். "முனை பாதையைப் பார்த்து இருந்தது. காலை விட்டா நேரா நடக்கலாம். வரிசையா."

ஓக்கி எழுந்தேவிட்டான். "அப்போ யாரோ தொட்டிருக்காங்க!"

"தொட்டிருக்காங்க. ஆனா திருடன் ஷூவை அடுக்கி வெக்க மாட்டான். பக்கத்து விரிப்புல யாரு?"

"ரெண்டு அம்மா. பார்க்கும்போதெல்லாம் சிரிச்சாங்க."

"ஓக்கி, வீட்டுக்கு வர்றவங்க செருப்பை உங்கம்மா என்ன செய்வாங்க?"

"வாசல் பக்கமாத் திருப்பி..." ஓக்கி நிறுத்தினான். மெதுவாக உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டு அம்மாவும் அப்படித்தான், தூங்கறவங்களுக்கு ஒரு உதவின்னு திருப்பி வெச்சிருக்காங்க. நாலும் ஒரே மாதிரி. எது யாரோடதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அவங்கவங்க முன்னால இருந்ததுல காலை விட்டீங்க." மியாதா ஜான்திராவைப் பார்த்தார். "நீங்க மோதிரம் தேடினது உங்க வீட்டுக்காரரோட ஷூவுல. அவரைக் குத்தறது ஷூ இல்லை."

வால்மிர் குனிவதற்குள் ஜான்திரா அவன் காலடியில் மண்டியிட்டிருந்தாள்.

"ஆடாதே."

கயிற்றை அவிழ்த்து, நாக்கை விலக்கினாள். மோதிரம் இருந்தது. அவன் காலுறையை இறக்கினாள். தோலில் சிவப்பாக ஒரு வட்டம்.

"இவ்வளவு வலிச்சும் ஒரு தடவை கழட்டிப் பாக்கலையா நீ?"

"நீ வேகமா நடந்தே. நான் நின்னா நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு நினைச்சேன்."

அவள் மோதிரத்தை நடுவிரலில் போட்டுப் பார்த்தாள். நின்றது. பிறகு அவன் காலில் இருந்த அந்தச் சிவப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊருக்குப் போறதைப் பத்தி..." என்று தொடங்கினான் வால்மிர்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எந்த வீடு?"

"இன்னிக்குத் தூங்கப்போற வீடு. எழுந்திரு, என் தோளைப் பிடிச்சுக்கோ."