பாலில்லாத வீடு

குகதாசன் திடீர் மரண விசாரணை அதிகாரி. மல்லாவியில் அவருடைய படலையைத் தட்டுகிறவர்கள் அழுதுகொண்டுதான் வருவார்கள். நடக்க வேண்டியது அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அன்று பின்னேரம் வந்த வீரகத்தி அழவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சீமெந்து காய்ந்த கையைச் சாரத்தில் துடைத்தபடி நின்றான்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார் குகதாசன்.

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை ஐயா. அதுக்கு முந்தி ஒருக்கா வந்து விசாரியுங்கோ."

வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த றிஃபாத் காதைத் தீட்டிக்கொண்டு கிட்ட வந்தான். குகதாசன் பிரேதம் பார்க்கப் போவதெல்லாம் அவனுடைய ஓட்டோவில்தான். போகிற வழியிலேயே அவன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். திரும்பி வருகிற வழியில் அது பிழையென்று தெரியவரும்.

வீரகத்தியின் ஒரே மகள் வினோஜாவுக்கு வலிப்பு. அதோடு பசுப்பால் அவள் உடம்புக்கு ஆகாது. ஒரு துளி போனாலும் முகம் ஊதிவிடும். அவளுக்குக் கிடைத்த வலிப்புக் குளிசையிலோ மருந்தோடு, பாலிலிருந்து எடுக்கும் பால்ச்சீனியும் சேர்ந்திருந்தது. ஆகவே வவுனியாவில் பாமசி வைத்திருந்த ஹமீட், டொக்டரின் மருந்துத் துண்டைப் பார்த்து, பால்ச்சீனிக்குப் பதிலாக அரிசி மாச்சத்தைக் கலந்து, அவளுக்கென்றே தூளை நிறுத்துப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவந்தார். வலிப்பு நின்றது. பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். இப்போது அந்தத் தூளைக் குடித்தும் முகம் ஊதுகிறது.

"குடுத்தா ஊதுது. குடுக்காட்டி வலிக்குது. அடுத்தமுறை மூச்சடைக்கலாமெண்டு ஆசுப்பத்திரியிலை சொல்லிப்போட்டினம். நான் என்னத்தைச் செய்ய?" வீரகத்தியின் குரல் இறங்கியது. "போன கிழமை ஹமீட்டின்ரை கடையிலை போய்நிண்டு கத்திப்போட்டன். பால்ச்சீனியைக் கலந்து என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறாய் எண்டு. சனமெல்லாம் கூடிட்டுது."

றிஃபாத்தின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அவர் என்ரை மாமா," என்றான்.

வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பிள்ளை ஊதிக் கிடந்தபோது எடுத்த படங்களை ஃபோனில் காட்டினான். குகதாசன் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தார்.

"றிஃபாத், உமக்கு என்ன தெரியுது?"

"முகம் நீத்துப்பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கு ஐயா. கண் மூடிக்கிடக்கு. சொண்டு தடிச்சிருக்கு. நெத்தியிலை சந்தனம். எல்லாப் படத்திலையும் ஒரே கோலம்தான்."

"ம்," என்றார் குகதாசன். "ஒவ்வொரு நாளும் ஊதுறதோ, வீரகத்தி?"

"இல்லை ஐயா. ஒரே பெட்டிப் பொட்டலம்தான். சில நாள் ஒண்டுமில்லை. சில நாள் இந்த வில்லங்கம்."

"அப்ப மாமாவிலை பிழையில்லை!"

"ஒரே பெட்டிக்குள்ளை நல்லதும் கெட்டதும் கிடக்கலாம். ஓட்டோவை எடும்."

வழியில் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி அலறியது. அண்மையில்தான் கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய பாலபிஷேக உபயகாரரின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பணிக்கு நானும்தான் கல்லுச் சுமந்தனான்," என்றான் வீரகத்தி. "நாளைக்கு எங்கடை உபயம். வினோஜாவின்ரை பேரிலை."

வீட்டுக் குசினியில் பால்மா ரின் கூட இல்லை. வந்தவர்களுக்கு வெறுந்தேத்தண்ணிதான் கிடைத்தது. ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது. றிஃபாத் பாய்ந்துபோய் எட்டிப் பார்த்தான்.

"என்ன தம்பி, மாட்டைப் பெண் பாக்க வந்தனீரோ?" என்று கேட்டாள் அயல்வீட்டுக் கமலாசனி. "அது கட்டையை விட்டு அசையிறேல்லை. நானும் பால் கறந்த கையோடை அந்த வளவுக்கை கால் வைக்கிறேல்லை. வினோஜாவை நானும் தூக்கி வளத்தனான், விளங்கிச்சோ?"

"நீங்களும் ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ," என்றார் குகதாசன்.

வினோஜா மூலையில் பாயில் இருந்து புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். தாய் சிவனேஸ்வரியின் கண்கள் நித்திரை கொண்டு கனநாள் என்று சொல்லின. அவளுடைய நெற்றியில் ஈரம் காயாத சந்தனம்.

"மருந்தைத் தண்ணியிலை கரைச்சுத்தான் குடுக்கிறனான் ஐயா. கடவுளாணை, வேறை ஒண்டும் அவளின்ரை வாயிலை வைக்கேல்லை."

குகதாசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமித்தட்டுக்குக் கீழே எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"நான் நம்பிறன் பிள்ளை. பின்னேர மருந்தை வழக்கமாக் கரைக்கிற மாதிரிக் கரையுங்கோ. நான் சொல்லாமல் பருக்க வேண்டாம்."

அவள் பொட்டலத்தைப் பிரித்துத் தூளைக் கரண்டியில் கொட்டினாள். சாமித்தட்டிலிருந்த சின்னச் செம்பை எடுத்துச் சரித்தாள். குகதாசன் கரண்டியைக் கையால் மூடினார்.

"இது என்ன?"

"தீர்த்தம், ஐயா."

"தண்ணியெண்டு சொன்னீங்கள்."

"தீர்த்தம் தண்ணிதானே? கோயிலுக்குப் போற நாளிலை அதிலைதான் கரைக்கிறனான். மருந்து பலிக்க வேணுமெல்லே."

குகதாசன் செம்பை மோந்து பார்த்துவிட்டு றிஃபாத்திடம் நீட்டினார். அவன் முகத்தைச் சுளித்தான். "புளிச்ச மணம்."

"முந்தி இந்தக் கோயில் தீர்த்தத்திலை கிணத்துத் தண்ணியும் துளசியும்தான். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு தினமும் பாலபிஷேகம் நடக்குது. சாமியிலை வழிஞ்சு வாறதைத்தான் தருகினம். தண்ணி கூட, பால் கொஞ்சம். எங்கடை கண்ணுக்குத் தெரியாது, எறும்புக்குத் தெரியும்." அவர் குரல் உயரவில்லை. "ஊதின நாளெல்லாம் பிள்ளையின்ரை நெத்தியிலை சந்தனம் இருந்தது. சந்தனம் இருந்தால் அண்டைக்குக் கோயில். கோயிலெண்டால் தீர்த்தம். ஹமீட்டின்ரை தூளிலை ஒரு பிழையுமில்லை. கமலாசனியின்ரை மாடும் பாவம். இந்த வீட்டுக்குள்ளை பால் வராமல் எல்லா வாசலையும் அடைச்சீங்கள். சாமியின்ரை வாசலை ஆர் அடைக்கிறது?"

சிவனேஸ்வரி செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்தரம் ஊதினாப் பிறகுதான் ஐயா," என்றாள் மெல்ல, "நான் அடிக்கடி கோயிலுக்குப் போகத் தொடங்கினனான்."

கமலாசனி போய் அவளருகில் குந்தினாள்.

றிஃபாத் துள்ளிக்கொண்டு மாமாவுக்கு ஃபோன் எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிமுடித்தான்.

"கேட்டது நிம்மதிதான் மகன்," என்றார் ஹமீட். "ஆனா அண்டையிலையிருந்து தராசைத் தொட்டாக் கை நடுங்குது. வலிப்பு மருந்து, ஒரு குறுணி கூடினாலும் பிழை. இந்தக் கையாலை நான் எப்பிடி நிறுக்கிறது?"

"நான் வந்து காலிலை விழுறன், ஹமீட் நானா," என்றான் வீரகத்தி.

"விழுந்தாக் கை நிக்குமோ, தம்பி?" அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆறும் என்று காத்திருக்கலாம். "நடுக்கம் நிண்டாச் சொல்லுறன்."

வீரகத்தி பொட்டலப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அடி தெரிந்தது. இதைக் கலக்கத் தெரிந்த வேறொருவர் கொழும்பில்தான் இருப்பார் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இறந்தவர்களுக்கென்றால் குகதாசன் காரணத்தை எழுதிக் கையெழுத்து வைப்பார்; வேலை முடியும். இங்கே காரணம் கிடைத்துவிட்டது, எதுவும் முடியவில்லை. அவர் கதிரையிலிருந்து எழும்பவும் இல்லை.

சிவனேஸ்வரி கரண்டியில் இருந்ததை வெளியே ஊற்றினாள். ஒரு பொட்டலம் வீண். கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். கிணற்றில் அள்ளி வந்த தண்ணீரில் புதுத் தூளைக் கரைத்து மகளுக்குப் பருக்கினாள்.

தூரத்தில் ஒலிபெருக்கி நாளைய உபயகாரரின் பெயரைச் சொன்னது.

"அம்மா, என்ரை பேர்!" என்று வினோஜா சிரித்தாள்.

எல்லோரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.