அனைத்தையும் காட்டு

புரதத்தின் மேல் நிழல் விழுந்திருந்தது. நிழலுக்குச் சொந்தக்காரரைத்தான் காணவில்லை.

முதலில் அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். அப்புறம் திரையைத் துடைத்தான். ஓர் ஆய்வு மாணவனால் அவசரத்துக்குச் செய்யக்கூடிய பரிசோதனைகள் அத்தோடு தீர்ந்துவிட்டதால், மறுபடி உட்கார்ந்து உற்றுப் பார்த்தான். கறுப்புப் பின்னணியில் ஒரு புரத மூலக்கூறு, நீல ரிப்பன் சுருள்களாக, நாளைய கருத்தரங்குக்காக மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நிஜத்தில் அதைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளும் உப்பும் இன்னும் என்னென்னவோவும் எறும்பு நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அத்தனையையும் காட்டினால் புரதமே தெரியாது என்பதால் அனிமேஷனில் மறைத்துவிடுவார்கள். அழிப்பதில்லை, மறைப்பதோடு சரி. எல்லாம் அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. இந்தத் தொழிலில் எல்லாரும் கூடி ஒற்றுமையாகச் சொல்லும் பொய் அது ஒன்றுதான்.

"தண்ணியைக் காட்டாதே தம்பி, தெளிவா இருக்கட்டும்" என்பார் அவனுடைய பேராசிரியர். அவர் வாயைத் திறந்தால் இருக்கிற தெளிவும் போய்விடும் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குத் 'தெளிவு சார்' என்றே பெயர்.

மறைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் காட்டிப் பார்த்தான். தண்ணீரின் நிழல் பொடிப்பொடியாக விழுந்தது. உப்பின் நிழல் புள்ளி புள்ளியாக. இந்த நிழல் எதிலும் சேரவில்லை. அகலமாகத் தொடங்கி, மேலே குறுகி, அதற்கும் மேலே உருண்டையாக முடிந்தது. ஒவ்வொரு முறை ஓடவிட்டபோதும் அது கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணினியின் விசிறி, சளி பிடித்தவன் தூங்குவதுபோல இழுத்து இழுத்து ஓடியது. சூடான பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் ஈரத்துணியை மூடிவைத்த மாதிரி இன்னொரு வாசனை.

"தொரை, டீ ஆறுது."

அக்கா கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. பகலெல்லாம் வலிக்கிறவர்களிடம் சிரித்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இவன் தலையில் கொட்டுவாள். அவனைத் திட்டுவதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். அவள் இல்லாத வீட்டை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கு. இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்?"

"இது புரதம்க்கா."

"சரி. அதுக்குப் பின்னாடி நிக்கிறது யாரு?"

அவன் நிழலைச் சொடுக்கி, 'மறை' கொடுத்தான்.

நிழல் ஒரு பொருள் இல்லை. சொடுக்கினால் எதுவும் தேர்வாகாது. எதையும் தேர்ந்தெடுக்காமல் மறைக்கச் சொன்னால், எல்லாவற்றையும் மறைக்கச் சொல்வதாகத்தான் அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் எல்லாரும் செய்யும் தப்பு. அவன் நான்காம் வருடத்தில் செய்தான்.

திரை முழுக்கக் கறுத்தது. கறுப்புக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் நாற்காலி தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் யாருமில்லை.

"என்னடா, இருட்டாயிடுச்சு?" என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

திரும்பினான். சுவர். அலமாரி. திறந்த கதவு. அவன் தோளில் சட்டைத்துணி ஐந்து இடத்தில் அழுந்தியிருந்தது. விரல்களின் சூடு தெரிந்தது.

"அக்கா?"

"இங்கதான்டா இருக்கேன். ஏன் அப்படி முழிக்கிறே?" பிறகு, வேறு குரலில், "என் கை எங்கடா?"

ஆட்களில் அவன் மட்டும் அப்படியே இருந்தான். பார்க்கிற கண்ணை எந்தக் கட்டளையும் மறைப்பதில்லை.

செய்ததைத் திரும்பப்பெறும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அவளை மட்டும் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. தெரியாததை எப்படிச் சொடுக்குவது? மிச்சமிருந்தது 'அனைத்தையும் காட்டு' மட்டும்தான்.

"டேய்." குரல் சின்னதாகியிருந்தது. "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுடா."

"யாரைக்கா?"

மூச்சு மட்டும் கேட்டது. ஒருத்தியின் மூச்சு அல்ல, பலருடையது.

"இடமே இல்லடா இங்க... எவ்வளவு பேரு..."

அவன் சுட்டியை நகர்த்தினான்.

"வேணாம். இப்படியே விட்டுடு. காட்டிடாதே."

"உன்னை எப்படிக்கா விடுறது?"

"சொன்னா கேளு! காட்டினா அதுங்க—"

தோளிலிருந்த விரல்கள் எடுக்கப்படவில்லை. இழுக்கப்பட்டன. சட்டை கிழிந்தது.

அழுத்தினான்.

திரையில் தண்ணீர் வந்தது. உப்பு வந்தது. நீலச் சுருள் வந்தது.

அறையிலும் வந்தன.

சுவரிலிருந்து சுவர் வரை. தரையிலிருந்து கூரை வரை. தோளோடு தோள். முதுகோடு மார்பு. ஈரச் சாம்பல் நிறம். நாற்காலிக் கைப்பிடிக்கும் அவன் முழங்கைக்கும் நடுவில் ஒன்று. திரைக்கும் அவன் மூக்குக்கும் நடுவில் ஒன்று. புதிதாக நுழைந்தவற்றின் பதற்றம் எதிலும் இல்லை. நெடுநாள் குடியிருப்பவைபோல நின்றன. எல்லாம் இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கின. எல்லாம் அவனைப் பார்த்தன.

அக்கா அவற்றுக்குள் இருந்தாள். எட்டினால் தொடலாம். எட்ட இடமில்லை.

பாதி முகம். ஒரு கண். வாய் திறந்திருந்தது. அதற்குள்ளும் இடமில்லை.

கண் இமைக்கவில்லை. அவளும் நடுங்கத் தொடங்கியிருந்தாள். மெல்ல. மற்றவற்றின் அதே வேகத்தில்.