நாலரை நிமிட ஷாட்

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் அந்தப் பழைய பங்களாவின் முன்னால் தாமோதரன் காரை நிறுத்தியபோது மணி மூன்று. நல்ல வெயில். காவலுக்கு இருந்த சந்திரம்மா கதவைத் திறந்துவிட்டு, "சுத்திப் பாத்துகினு இருங்க, டீ வாங்கியாந்துடறேன்" என்று கடைப்பக்கம் போனாள்.

தாமோதரனின் மனைவி வசுமதிக்குச் சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம். கல்பாக்கத்துச் சினிமா சங்க மலருக்காக, அறுபது வருடத்துக்கு முன் இந்த வீட்டில் எடுத்த கறுப்பு வெள்ளை மர்மப் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு காட்சி. கதாநாயகியின் அண்ணன் மாடிக்கு ஏறுவான். கேமரா கீழேயே நின்றுவிடும். நாலரை நிமிடம் வெறும் படிக்கட்டு. ஆள் இறங்குவதில்லை. காட்டாமலே கலங்கடித்த மேதை என்று இயக்குநரைத் தலைமேல் தூக்கி வைத்து எழுதியிருந்தாள்.

"அதே மாதிரி போன்ல எடுத்துப் பாக்கலாங்க. நீங்க ஏறுங்க. நான் கட் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

"முப்பது வருஷமா நீ சொன்னதைத்தானே கேக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

படி வளைவில் அவர் மறைந்தார். காலடிச் சத்தம் நின்றது. வீடு முழுக்க உப்பு ஈரமும் வௌவால் நாற்றமும். நாலாவது நிமிடத்தில், இடமில்லை என்று போனில் பதிவு தானாகவே நின்றுவிட்டது.

"சரி, வாங்க."

வரவில்லை.

"ஏங்க?"

வசுமதி ஏறிப் பார்த்தாள். மேலே ஒரே அறை, கம்பி போட்ட ஜன்னல். தூசியில் அறை வாசல் வரை அவர் காலடித் தடம்.

அதற்கு மேல் இல்லை.

தடதடவென்று இறங்கினாள். டீயோடு வந்த சந்திரம்மா படியருகே வரவில்லை.

"கட்டு சொன்னியாம்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல. போன் நின்னு போச்சு."

"படம் புடிச்ச அன்னிக்கும் இப்டித்தான். எங்க நைனா கூட இருந்தாரு. பாதில ஃபிலிமு தீந்துபூச்சு. டைரக்டரு கட்டு சொல்லவே இல்ல. ஏறுன ஆளு எறங்கல. எடுத்த வரைக்கும் படத்துல வெச்சுட்டாங்க."

ஆக, மேதைமையும் இல்லை, மண்ணும் இல்லை. ஃபிலிம் சுருள் தீர எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த நாலரை நிமிடம்.

"கட்" என்றாள் வசுமதி. தொண்டை கட்டும் வரை கத்தினாள். போலீஸ் வந்தது, கிணற்றைத் துழாவியது, போனது.

பதினைந்தாம் நாள் மத்தியானம், வேறு போக்கிடம் தெரியாமல் அந்தப் படத்தையே லேப்டாப்பில் போட்டாள். அண்ணன் ஏறினான். வெறும் படிக்கட்டு.

மூன்றாவது நிமிடத்தில் மாடியில் யாரோ இருமினார்கள்.

"வசு, எறங்கலாமா? கால் வலிக்குது."

"கட், கட்" என்று அழுதபடி திரையைத் தட்டினாள். படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

மறுபடி ஓட்டினாள்.

இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. மாடியில் இரண்டு ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.